போரில் காணியை இழந்த, இலங்கையின் வன்னிக் கிறிஸ்தவர்களுக்கு வேதாகமத்தில் யாருடைய வாழ்க்கை பாடமாகும்?

நான் எரேமியா தீர்க்கதரிசியைச் சொல்வேன். ஆபிரகாமைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எரேமியா 32ஆம் அதிகாரத்தை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை.

பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியாவோ காவலில். அப்போது தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கச் சொல்கிறான். போர் நடக்கும்போது காணி யாருக்கு வேண்டும்? ஆனால் கர்த்தர் முன்பே சொல்லியிருந்ததால் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, காணி உறுதிப் பத்திரம் எழுதி முத்திரை போடுகிறார். அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்படுகிறது. இடப்பெயர்வில் உறுதியைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கொண்டு திரிந்த நம் சனத்துக்கு இது விளங்கும்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அடுத்த பகுதி. கையெழுத்திட்ட பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். 'நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, இதில் நிலம் வாங்கச் சொன்னீரே' என்று கர்த்தரிடமே தன் குழப்பத்தைக் கொட்டுகிறார். கர்த்தர் அதற்காகக் கோபிக்கவில்லை. ஆக, குழப்பம் தீர்ந்த பிறகுதான் கீழ்ப்படிய வேண்டும் என்றில்லை.

சரி, அவர் அந்த நிலத்தில் குடியிருந்தாரா? வேதம் அப்படிச் சொல்லவில்லை. பிறகு அவரை எகிப்துக்கே கொண்டுபோனார்கள். 'இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும்' என்ற கர்த்தரின் வாக்குத்தத்தம் சனத்துக்கு, வருங்காலத்துக்கு.

இதைக் காட்டி, 2017இல் முல்லைத்தீவு கேப்பாப்புலவில் இராணுவம் வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டுப் போராடியவர்களைப் போன்றோரிடம் 'விசுவாசமாய்ச் சும்மா இருங்கள்' என்று சொல்வது பிழை. எரேமியாவே சாட்சியோடு பத்திரம் முடித்தவர்.