டி-டைமர் அதிகமென்றால் நுரையீரலில் இரத்தக்கட்டி உறுதியா?

வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் இருக்கும் உங்கள் 78 வயது அம்மாவுக்கு மூச்சு வாங்குவதால் எடுத்த டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையில் 690 என வந்திருப்பதைக் கொண்டு, நுரையீரலில் இரத்தக்கட்டி உறுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதியில்லை. இரத்தக்கட்டி கரையும்போது வெளிப்படும் புரதத் துணுக்கே டி-டைமர் என்றாலும், முதுமை, நோய்த்தொற்று, புற்றுநோய், அறுவைச் சிகிச்சை ஆகியவையும் அதை உயர்த்துவதால், நுரையீரலில் கட்டி இல்லாத முதியவர்கள் பலரும் 500 என்ற பொது வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால்தான் 50 வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாகக் கொள்கிறார்கள். அம்மாவுக்கு அது 780; 690 அதற்குள்தான். ஆனால் அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தைத் தயவுசெய்து பாருங்கள்: டி-டைமரை இரண்டு அலகுகளில் குறிப்பார்கள்; இந்தக் கணக்கு 'எஃப்.இ.யூ.' (FEU) அலகுக்கே பொருந்தும், 'டி.டி.யூ.' (DDU) என்றிருந்தால் வரம்பு ஏறக்குறையப் பாதி, அப்போது 690 அதிகமே. மருத்துவருக்குச் சந்தேகம் வலுவாக இருந்தால், எண் குறைவாக வந்தாலும் அதை நம்பி விட்டுவிடாமல் நுரையீரல் இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மூச்சுத்திணறல் கூடினாலோ மயக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.