நடக்காததை ஏன் எழுதி வைக்க வேண்டும்?

கேள்வி: இலட்சிய உடல் என்று சிலை வடித்தார்கள், அப்படி ஒரு மனிதன் பிறந்ததே இல்லை. இலட்சிய நகரம் என்று பிளேட்டோ எழுதினார். அப்படி ஒரு நகரம் இருந்ததே இல்லை. அரசியலமைப்பில் சமத்துவம் என்று எழுதினோம். அதன் கதி எல்லோருக்கும் தெரியும். நடைமுறைக்கு வராததைப் பிள்ளைகளுக்குச் சொல்வது ஏமாற்றுவேலை இல்லையா? எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் என்னை இந்தத் தலைப்பில்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.
- ஓர் ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியப் பார்க்கிறீர்கள். அவிழ்த்துப் பார்ப்போம்.

உங்கள் கேள்வியைப் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலேயே கேட்டாயிற்று. நீங்கள் சொல்லும் நகரம் சாத்தியம்தானா என்று, அந்த நூலின் உரையாடலில் வரும் கிளாக்கன் சாக்ரடீஸை விடாமல் நெருக்குகிறான். அவர் திருப்பிக் கேட்கிறார்: மிக அழகான மனிதன் எப்படி இருப்பான் என்று ஓர் ஓவியன் குறையில்லாமல் வரைந்துவிட்டான், அப்படி ஒருவன் இருக்க முடியும் என்று அவனால் நிரூபிக்க முடியவில்லை, அதற்காக அவன் மட்டமான ஓவியனா? இதற்குக் கிளாக்கனிடம் மறுப்பு இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

அதற்காகப் பிளேட்டோவின் நகரத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நகரத்தின் நன்மைக்காக ஆட்சியாளர் பொய் சொல்லலாம் என்கிறார், கவிஞர்களில் பெரும்பாலானோரை வெளியே அனுப்பிவிடுகிறார். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத இடத்தில் இலட்சியம் கொடுமையாகிவிடும். ஒரு பக்கத்தாருக்கு மட்டும் விதித்தாலும் அப்படித்தான். கற்பைப் பெண்ணுக்கு மட்டும் சுமத்தியிருந்தார்கள். பாரதி அதை இரண்டு பேருக்கும் பொதுவில் வைக்கச் சொன்னார். தூக்கிப் போடச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

அப்புறம் சிலை. சுவாமிமலை ஸ்தபதி வேலையைத் தொடங்கும்போது, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார். முகத்தின் நீளம் ஒரு தாளம். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாளம் என்ற பத்துத் தாள அளவு, மொத்தம் 124 பங்கு. அந்தக் கணக்கில் எந்த மனிதனும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகு உருவில் தோள் இறங்கிவிட்டால், பக்கத்தில் வேலை பழகும் பையனே ஓலையை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவான். குருவின் மனநிலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஒரே அளவு என்றால் எல்லாச் சிலையும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் தஞ்சைக் கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கே நிற்கிறார், 1011-ஆம் ஆண்டுச் சிலை. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி வைத்து, காளையின் மேல் கையை ஊன்றிய நிலை. காளை இப்போது இல்லை. இருந்தும் அந்தக் கையைப் பார்த்தால் அதன் உயரம் நமக்குத் தெரிகிறது. அளவு தெரிந்தவன் கை அது.

சரி, அரசியலமைப்புக்கு வருவோம். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே எச்சரித்தவர் அம்பேத்கர். எழுதியவர்களுக்குத் தெரியாத இடைவெளியை நீங்கள் கண்டுபிடித்துவிடவில்லை.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, பதினான்கு வயது முடியும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தரப் பத்தாண்டுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. கெடு 1960. வழிகாட்டும் நெறி என்பதால் நீதிமன்றம் போய் வாங்க முடியாது. பேச்சைவிடக் காரியத்துக்குப் பேர்போன காமராசர் ஊர் ஊராகப் பள்ளி திறந்ததும், பள்ளியில் மதிய உணவு போட்டதும் அந்தக் கெடுவுக்குள் தொடங்கிய வேலைகள்தான். நாடு முழுக்கப் பார்த்தால் கெடு தவறிப்போனது. ஆனால் எழுதிய வரி அழியவில்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்தாண்டைச் சுட்டிக்காட்டித்தான், பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002-இல் அதற்கான அரசியலமைப்புத் திருத்தம், 2009-இல் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

ஐம்பது ஆண்டு தாமதம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் தாமதம் என்று சொல்லவே வழி இருந்திருக்காது. இன்னொன்றும் அந்தப் பழைய வரியால்தான் தெரிகிறது: முதலில் எழுதியது பதினான்கு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், கடைசியில் கிடைத்த உரிமை ஆறிலிருந்து பதினான்கு வரை மட்டும். ஆறுக்குக் கீழே இருப்பவர்களைப் பழையபடி வழிகாட்டும் நெறியிலேயே விட்டுவிட்டார்கள். இதைப் பற்றி எத்தனை ஆண்டு விழாவில் யார் பேசியிருக்கிறார்கள்?

அதனால் நீங்கள் அவசியம் பேசுங்கள். பெரிதாகக் கனவு காணுங்கள், விடாமுயற்சி வேண்டும் என்ற வழக்கமான உரை வேண்டாம். 1950-இல் என்ன எழுதினார்கள், 1960-இல் என்ன நடந்திருக்க வேண்டும், 2010-இல் என்ன வந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். தம்பி தங்கைக்கு ஏன் அந்த உரிமை இல்லை என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், உட்காரச் சொல்லாதீர்கள். மேடையில் இருக்கும் சிறப்பு விருந்தினரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.