தோளில் இருந்து பார்த்தது

அன்புள்ள தம்பிக்கு,

உங்களைவிட நான் மூத்தவள் என்பது உங்கள் கட்டுரைகளில் வரும் வருஷங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் தெரிந்தது. அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். பிறந்தது 1961. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேரன் பேத்திகளுக்காக என் வாழ்க்கையை எழுத உட்கார்ந்து இரண்டு நோட்டு நிரப்பிவிட்டேன். மகள் நாலு பக்கம் படித்துவிட்டு, "சர்வீஸ் ரிஜிஸ்டர் மாதிரி இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறந்தேன், படித்தேன், சேர்ந்தேன், மாற்றலானேன் என்றுதான் போகிறது.

உயிர் இருப்பதாக எனக்கே தோன்றியது ஒரே ஓர் இடம். அப்பா மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் செட் போடும் தச்சர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நிற்கிறார். கார் வருகிறது. முதலாளி டி.ஆர்.சுந்தரம் இறங்குகிறார். எல்லோரும் பீடியை மறைக்கிறார்கள். அப்பா காதில் செருகிய பென்சில் என் தொடையில் குத்துகிறது. இதைப் படித்த அண்ணன், "முதலாளி செத்தப்ப உனக்கு ரெண்டு வயசு. கப்சா விடாதே" என்கிறார். இதை அடித்துவிடட்டுமா? எங்கே ஆரம்பிப்பது? அண்ணனோடு வீட்டுப் பாகத்தில் வந்த சண்டையை எழுதலாமா?

ம., சேலம்

அன்புள்ள அக்கா,

அண்ணன் கணக்கு சரி. டி.ஆர்.சுந்தரம் மறைந்தது 1963 ஆகஸ்டில். இரண்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு ஞாபகம் நிற்காது. ஆனால் அடிக்க வேண்டாம்.

அந்தப் பத்தியை நான் மூன்று முறை படித்தேன். அதில் இரண்டு பேர் பார்த்தது கலந்திருக்கிறது. கார், முதலாளி, மறைத்த பீடி: இதெல்லாம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பலமுறை சொன்னதாக இருக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் முதலாளி கதை இல்லாமல் இருக்காது. ஆனால் பென்சில்? தன் காதில் இருந்த பென்சில் மகளின் தொடையில் குத்தியது அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. தெரியாததை அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? அது உங்களுடையது. 1963க்குப் பிறகு வேறேதோ ஒரு நாள், வேறேதோ வாசலில், அந்தத் தோளில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்பா சொன்ன கதைக்குள் அந்த நாளை நீங்களே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

அதை அப்படியே எழுதுங்கள். முதலில் உங்களுக்கு இருக்கும் ஞாபகம். பிறகு அண்ணன் சொன்ன கணக்கு, அவர் வாயால், அந்த 'கப்சா'வோடு. அப்புறம் பென்சில். ஏன் முதலாளியை நேரில் பார்த்ததாக இருக்க ஆசைப்பட்டோம் என்று யோசித்தால் அடுத்த பத்துப் பக்கம் தானாக வரும். எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்விக்கும் இதுவே பதில். 1961ஐ இருபதாம் பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலாக எழுதிய நினைவுக் கட்டுரையில், சிறுவனாக ஏற்காட்டில் தாத்தா வேலை பார்த்த எஸ்டேட்டுக்குப் போனதை எழுதியிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தியும் தாண்டி மேலே போனால், செடி முழுக்க வெள்ளைப் பூ, ஊரே மணக்கிறது, பெண்கள் கூடையில் சிவப்புப் பழம் பறிக்கிறார்கள், தாத்தா கூப்பிடுகிறார். பத்திரிகையில் வந்தது. காலமெல்லாம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த என் அத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏன்டா, பூவும் பழமும் ஒரே மாசத்துலயா?" என்றார். பூ, கோடை மழை விழுந்த பிறகு, மார்ச் ஏப்ரலில். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பழம் பறிப்பது நவம்பருக்கு மேல்.

வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது: நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். பழம் பறிக்கும்போது போனது தாத்தாவின் காரியத்துக்கு. இரண்டையும் ஒன்றாக்கி அவரைச் சாகாமல் வைத்திருந்திருக்கிறேன். திருத்தி எழுதிய கட்டுரைதான் நல்ல கட்டுரை. அத்தை இல்லாவிட்டால் வெறும் மணத்தோடு நின்றிருக்கும்.

ஆகவே வருஷங்களைச் சரிபாருங்கள். ரேஷன் கார்டு, பள்ளி டி.சி., அப்பா வேலை செய்த படங்கள் வெளியான ஆண்டு, எல்லாவற்றையும் தனித்தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளை நோட்டுக்குள் ஊற்றிவிடாதீர்கள். சர்வீஸ் ரிஜிஸ்டர் அப்படித்தான் ஆனது. பேச்சு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அவர் குரல் காதில் கேட்டால் மட்டும் மேற்கோள் குறி போடுவேன். இல்லையென்றால் "என்று சொன்னதாக ஞாபகம்" போதும். அப்பா ஒரு பக்கம் வசனம் பேசினால் மகள் நம்ப மாட்டாள்.

பாகச் சண்டையை எழுதுங்கள், ஆனால் வேறு நோட்டில். இப்போது யாருக்கும் காட்ட வேண்டாம். அண்ணன் செய்தது மட்டுமே அதில் இருந்தால் அது வக்கீலுக்கு உரிய காகிதம். நீங்கள் செய்ததும் வர ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. உ.வே.சா. தன் சரித்திரத்தை 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்தை ஒட்டிய வயது. 1942இல் அவர் மறைந்தபோது அது பாதியில் நின்றது. யாரும் குறையாக நினைப்பதில்லை. அதைப் படிக்கும்போது நம் கூடவே நடமாடுகிறவர் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். உங்கள் நோட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. நோட்டில் அவருக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறீர்கள்?

இரண்டு நோட்டையும் அனுப்புவதாகச் சொல்லாதீர்கள், என்னால் படித்து முடிக்க முடியாது. அந்த வாசலை மட்டும் இரண்டு பக்கத்தில் திருப்பி எழுதி அனுப்புங்கள். பென்சில் எந்தத் தொடையில் குத்தியது என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணனைக் கேட்காமல் எழுதுங்கள்.