முதல் நாள் ஈஸ்ட்கள் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் திராட்சைச் சாறு தானாகப் புளித்து ஒயினாகும்போது அதில் இருக்கும் இயற்கை ஈஸ்ட்களை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று யோசனை. ஆனால் எப்படியும் கடைசியில் ஜெயிப்பது ஒயினுக்கு வழக்கமாகப் போடும் ஈஸ்டான சாக்கரோமைசீஸ் செரிவிசியேதானே? மற்றவை சில நாளில் செத்துப்போகிற வெறும் கலப்படம். அவற்றை ஆராய்ந்து என்ன பயன்? அப்புறம், இப்படிச் செய்யும் ஒயின் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

அன்புள்ள நண்பருக்கு,

உடம்பு விஷயத்தை விடுங்கள், தானாகப் புளித்த ஒயினானாலும் ஈஸ்ட் சேர்த்துச் செய்த ஒயினானாலும் இருப்பது ஆல்கஹால்தான்.

'வெறும் கலப்படம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. பழத்தோலில் எவை இருக்கின்றன என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? ஒயின் ஈஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த மோர்ட்டிமரும் போல்சினெல்லியும் 1999இல் சொன்ன கணக்குப்படி, காயம்படாத திராட்சையில் ஆயிரத்துக்கு ஒன்றில்தான் செரிவிசியே இருக்கிறது. தோல் கிழிந்த பழத்தில் நாலுக்கு ஒன்று. குளிர்காலத்தைக் குளவியின் குடலில் கழிக்கக்கூடிய ஈஸ்ட் அது. தோலிலேயே குடியிருப்பவை ஹான்சேனியாஸ்போரா, மெட்ச்னிகோவியா, ஸ்டார்மெரெல்லா போன்ற வேறு ஈஸ்ட்கள். வீட்டுக்காரரைப் போய்க் கலப்படம் என்கிறீர்கள்.

உங்களைத் திட்டுகிறேன், ஆனால் இதே தப்பை நானும் செய்தேன். மாணவனாக இருந்தபோது புளிக்கிற சாற்றில் தினம் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். முதல் நாள் எங்கு பார்த்தாலும் இரு முனையும் கூர்ந்த, எலுமிச்சம்பழம் போன்ற செல்கள், அதுதான் ஹான்சேனியாஸ்போரா. நாலாம் நாள் செரிவிசியேயின் முட்டை வடிவச் செல்கள் நிறைந்துவிட்டன. ஆறாம் நாள் எலுமிச்சை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நோட்டில் 'மறைந்துவிட்டது' என்று ஒரு வார்த்தை எழுதிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. செத்த ஈஸ்ட் செய்துவைத்ததெல்லாம் சாற்றில் அப்படியே இருந்ததே, அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையே!

ஆல்கஹால் ஏற ஏற இவற்றில் பல தாங்காமல் சாகின்றன, ஆனால் அது நாலைந்து சதவீதம் ஏறுவதற்குள் எவ்வளவு நடந்துவிடுகிறது தெரியுமா? ஹான்சேனியாஸ்போரா பழவாசனை தரும் எஸ்டர்களை உண்டாக்குகிறது (அளவு மீறினால் நெயில் பாலிஷ் நாற்றம்தான், அதையும் மறைக்கவில்லை). ஸ்டார்மெரெல்லா குளுக்கோஸை விட்டு ஃப்ரக்டோஸை முதலில் தின்று கிளிசரால் தருகிறது. லாகன்சியா தெர்மோடோலெரன்ஸ் சர்க்கரையில் ஒரு பங்கை லாக்டிக் அமிலமாக்கிப் புளிப்பை ஏற்றுகிறது. மெட்ச்னிகோவியா இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவற்றைப் பட்டினி போடுகிறது. கடைசியில் வரும் செரிவிசியே இவை தின்றது போக மிஞ்சியதில்தான், இவை விட்டுவைத்ததன் நடுவில்தான் வளர்கிறது. அது ஜெயித்தது என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைகூட இல்லை. 1890 வாக்கில் முல்லர்-துர்காவ் என்ற சுவிஸ் விஞ்ஞானி ஒயினுக்குத் தூய ஈஸ்டை (ஒரே வகையைத் தனியாக வளர்த்தது) கொண்டுவந்த பிறகு, மற்றவை எல்லாம் கெடுக்கிறவை என்றே நெடுங்காலம் பாடம் நடந்தது. இன்று அதே லாகன்சியாவையும் மெட்ச்னிகோவியாவையும் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள்.

சரி, நீங்கள் கேட்டது ஆய்வு பற்றி. எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நுண்ணுயிர்களை அடக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு போடுவதற்கு முன்பே, முதல் நாள் சாற்றை எடுத்துவிடுங்கள். சாதாரண வளர்ப்பு ஊடகத்தோடு, நைட்ரஜனுக்கு லைசின் என்ற அமினோ அமிலம் மட்டுமே உள்ள லைசின் அகாரிலும் போடுங்கள். செரிவிசியே அதில் வளராது, மற்றவை தனியாகத் தெரியும்.