ரெண்டு நாள் ஓய்வு கேட்டால் தப்பா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பெருமூளை வாதம். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். இடுப்பு வலி தாங்கவில்லை. தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் ரெண்டு நாள் விடலாம் என்றால், ‘பெத்த பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளுவாயா’ என்கிறார் மாமியார்.

பதில்: தாராளமாக விடுங்கள். அப்படிக் கேட்கிறவர்கள் ஒரு ராத்திரி எழுந்து புரட்டிப் போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். ஏழைக் குடும்பங்களுக்கு இந்த மாதிரி தற்காலிகப் பராமரிப்பு கிடைக்க அரசு உதவ வேண்டும் என்று 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையே 28-வது பிரிவில் சொல்கிறது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் எடுத்தவுடன் ரெண்டு நாள் வேண்டாம். முதலில் நீங்கள் கூட இருக்கும்போதே அங்குள்ளவர் ஒருவேளை ஊட்டட்டும், பிறகு அரை நாள், அது சரியாக வந்தால் ஒரு இரவு. மாத்திரை நேரம், எவ்வளவு நிமிர்த்தி உட்கார வைத்தால் புரையேறாமல் விழுங்குவான், வலித்தால் முகம் எப்படிச் சுளிப்பான், வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். மகனிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். பேச்சு வராவிட்டால் புரியாது என்று அர்த்தமில்லை.

அந்த ரெண்டு நாளில் ஒட்டடை அடிக்க இறங்கிவிடாதீர்கள். தூங்குங்கள், இடுப்பை டாக்டரிடம் காட்டுங்கள்.