பதில்: ஒரே குழுமத்துக்கு இரண்டு கடன் தொகை, எதை எடுப்பது?

இரண்டையுமே அப்படியே எடுக்காதீர்கள். ஒரே குழும நிறுவனங்களிடம் உங்கள் வங்கிப் பணம் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்றால், கடன் பிரிவு ஒரு தொகை சொல்கிறது, கருவூலப் பிரிவு (வங்கியின் முதலீடுகளையும் சந்தை வர்த்தகத்தையும் கவனிப்பது) வேறு தொகை சொல்கிறது, மாத இடர் அறிக்கையில் எதைப் போடுவது என்கிறீர்கள், ஆனால் இரண்டும் தத்தம் அளவில் சரியாகவே இருக்கலாம். கடன் பிரிவு பெரும்பாலும் நிலுவையை மட்டும் காட்டும், இன்னும் எடுக்காத கடன் வரம்பும் உத்தரவாதங்களும் வேறெங்கோ கிடக்கும், கருவூலமோ பத்திரங்கள், டெரிவேட்டிவ்கள் (வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) ஆகியவற்றின் சந்தை மதிப்பு என்று போகும், பிணையைக் கழித்தார்களா இல்லையா என்பது அடுத்த வம்பு.

முதலில் இரண்டும் ஒரே தேதிக்கானவையா பாருங்கள். அப்புறம் குழும நிறுவனங்களைப் பெயரை வைத்துச் சேர்க்காமல் 20 எழுத்து எல்இஐ எண்ணை (ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உலக அளவில் தனித்தனியாகத் தரப்படும் அடையாளக் குறியீடு) வைத்துச் சேருங்கள். நிலுவைப் பகுதியைப் பொதுப் பேரேட்டோடு (வங்கியின் முதன்மைக் கணக்குப் புத்தகம்) ஒப்பிடுங்கள்.

2008-ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, தங்கள் பணம் அங்கே மொத்தம் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று பல வங்கிகளால் சட்டெனச் சொல்ல முடியவில்லை. அந்த நெருக்கடிக்குப் பிறகுதான், 2013-ல், பாசல் குழு (வங்கி மேற்பார்வைக்கான சர்வதேசக் குழு) இடர்த் தரவுக்கென்றே 14 கோட்பாடுகளை வெளியிட்டது. எக்செலில் கையால் திருத்துவதை அவை அடியோடு தடுக்கவில்லை. ஆனால் அதற்குத் தகுந்த கட்டுப்பாடுகளும், ஏன் கையால் செய்ய வேண்டியிருந்தது என்ற ஆவண விளக்கமும் வேண்டும் என்கின்றன. இவ்வளவு செய்தும் இரண்டு தொகைகளுக்கும் இடையே மீதமிருக்கும் வித்தியாசத்தை மறைக்காமல் அடிக்குறிப்பில் போடுங்கள், மேலிடம் முகம் சுளித்தாலும் சரி.