9, 10-ம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு என்னென்ன வகுப்பு விதிகள் வைக்கலாம்? பிள்ளைகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், ஜூன் மாதம் முதல் வகுப்பிலேயே விதிகளைச் சொல்லிவிட நினைப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. நான் காங்கயம் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பதினாறு வருஷமாக இதே பாடம்தான். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தறி ஓடும், இல்லையென்றால் அப்பா அம்மா தேங்காய்க் களத்து வேலைக்குப் போவார்கள், அதுவும் இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் காலையிலேயே வீதி முனையில் வந்து நிற்கும். ஆங்கிலம் இவர்கள் காதில் விழுவது என் பீரியடில் மட்டும்தான். அந்த நாற்பது நிமிஷத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பயமில்லாமல் சொந்தமாக ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும். என் விதிகள் எல்லாமே அதற்காக வைத்தவை.

லீவ் லெட்டரிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் எந்தப் பிள்ளை எதற்காக லீவ் போட்டாலும் லெட்டரில் ஒரே காரணம்தான் இருக்கும்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டினால் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மாமன் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் காய்ச்சல். அந்த வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் எழுதுவார்கள். ‘நேற்று எங்கள் ஊரில் மழை பெய்தது’ என்று எழுதச் சொன்னால் பேனா நகராது.

சில வருஷங்களுக்கு முன் 9-ம் வகுப்புப் பையன் ஒருவன் இதே காய்ச்சல் லெட்டரோடு என் மேஜை முன் நின்றான். விரல் நகத்திலெல்லாம் மஞ்சள் ஒட்டியிருந்தது. “நெசமாவே காய்ச்சலா கண்ணு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “இல்லீங்க டீச்சர். ஆடு குட்டி போட்டுச்சுங்க. ரெண்டு. ஒண்ணு செத்துப்போச்சுங்க. எங்கப்பா ஊர்ல இல்லீங்க, அப்பத்தாவுக்கு ஒண்டியாப் பாக்க முடியாதுங்க” என்றான். “அதையே எழுதிக் குடு சாமி” என்று லெட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். பீரியட் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதி எழுதி அடித்தான். பெல் அடிக்கும்போது கொண்டுவந்து கொடுத்த தாளில் இவ்வளவுதான் இருந்தது: ‘எஸ்டர்டே மை கோட் கிவ் டூ பேபி. ஒன் பேபி டை. ஐ கிவ் மில்க் டு அனதர் பேபி.’

“தப்புங்களா டீச்சர்?” என்று கேட்டான். முதல் வரியில் ‘கிவ்’ என்பதை மட்டும் ‘கேவ்’ என்று திருத்தி, நேற்று நடந்தது அல்லவா என்றேன். தாளை வாங்கிப் பார்த்தவன், நான் சொல்லாமலேயே கடைசி வரி ‘கிவ்’வையும் ‘கேவ்’ ஆக்கினான். இறந்த காலம் என்று பலகையில் அட்டவணை போட்டு அதற்குள் மூன்று முறை நடத்தியிருந்தேன். அப்போதெல்லாம் ஏறாதது அந்த ஆட்டுக்குட்டியால் ஏறியது. அன்றிலிருந்து என் வகுப்பில் காய்ச்சல் வந்தவர்கள் மட்டும்தான் காய்ச்சல் என்று எழுதலாம். மற்றவர்கள் உண்மையான காரணத்தை எழுத வேண்டும். காரணம் எதுவானாலும் திட்டமாட்டேன், இலக்கணம் எப்படி இருந்தாலும் லெட்டரை வாங்கிக்கொள்வேன்.

அடுத்தது, சிரிக்கக் கூடாது. நான் ரொம்பக் கண்டிப்பாக இருக்கும் விதி இது ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பெண் ‘ஐலண்ட்’ என்பதை எழுத்துக் கூட்டி ‘இஸ்லேண்ட்’ என்று படித்தாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அரையாண்டுத் தேர்வு வரை அவள் என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே படித்தவள் அவள். தமிழில் அப்படித்தானே படித்துப் பழகியிருக்கிறாள்? இதை அன்றைக்கே வகுப்பில் சொல்லாமல் விட்டது இன்னும் எனக்கு வலிக்கிறது. இப்போது யாராவது தப்பாகப் படித்தால், அந்தச் சொல்லில் எந்த எழுத்து வாய் திறப்பதில்லை என்று எல்லோருமாகக் கண்டுபிடிக்கிறோம்.

தமிழில் பேசலாமா என்பது பெரிய கேள்வி. அரசுப் பணிக்கு வருமுன் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். அங்கே தமிழில் ஒரு வார்த்தை பேசினால் ஒரு ரூபாய் அபராதம், வசூலிக்கும் பொறுப்பு வகுப்புத் தலைவனுக்கு. அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறவில்லை, பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். சந்தேகம் கேட்கக்கூட யாரும் எழவில்லை. அதனால் என் வகுப்பில் கேள்வியைத் தமிழில் தாராளமாகக் கேட்கலாம். “இதை இங்கிலீஷ்ல எப்படிங்க டீச்சர் சொல்றது?” என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு முதலில் அதற்குப் பதில் சொல்வேன். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வர வேண்டும், ஒரே சொல்லாக இருந்தாலும் சரி. இப்போது மில் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் விளையாட்டு மைதானத்தில் வந்துவிடுகிறது, ஆங்கிலத்துக்கு நம் பிள்ளைகளைப் போலவே என் பீரியட்தான்.

ஹோம்வொர்க் விஷயத்தில் கை அடக்கமாக இருங்கள். பள்ளிவிட்டு வந்ததும் தறிக்கு நூல் தார் சுற்றும் பிள்ளைக்கு இரவு ஒன்பது மணிக்கு மூன்று பக்கம் எழுதத் தெம்பு இருக்காது. வாரத்துக்கு ஐந்து வாக்கியம், அன்றன்று வீட்டில் நடந்ததைப் பற்றி. அவ்வளவுதான். மற்றதெல்லாம் வகுப்பிலேயே, என் கண் முன்னால். இம்போசிஷனை அடியோடு விட்டுவிட்டேன். ஒரு வாக்கியத்தை ஐம்பது முறை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்: முதல் சொல்லை மேலிருந்து கீழாக ஐம்பது முறை, அப்புறம் இரண்டாம் சொல்லை ஐம்பது முறை. அதில் வாக்கியம் எங்கே இருக்கிறது?

கைடு பற்றியும் சொல்லியாக வேண்டும். 10-ம் வகுப்புப் பொதுத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு, 35 எடுத்தால் தேர்ச்சி. முன்பு இரண்டு தாளாக இருந்தது 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளானது. மனப்பாடமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மனப்பாடப் பாடலுக்கு மட்டுமே 5 மதிப்பெண் இருக்கிறது, அதை விடக் கூடாது. ஆனால் படத்தைப் பார்த்து எழுதுவது, கடிதம், விளம்பரம், வழி சொல்வது எல்லாம் சொந்த வாக்கியம் எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் கைக்கு எட்டும் மதிப்பெண்கள். கைடில் இருக்கும் படமே தேர்விலும் வரும் என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் என் விதி: முதல் முயற்சி கைடு இல்லாமல். எழுதி முடித்த பிறகு கைடைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வழி சொல்லும் கேள்வி 2 மதிப்பெண்தான், ஆனால் கட்டாயக் கேள்வி. அதற்குப் பள்ளி கேட்டிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு, கோயிலிலிருந்து பால் சொசைட்டிக்கு என்று எங்கள் ஊரையே வரைய வைக்கிறேன். இடமா வலமா என்று காலுக்குத் தெரிந்த வழி என்பதால் ஆங்கிலச் சொல்லை மட்டும் யோசித்தால் போதும்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். திருத்தும்போது ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையைத்தான் தொடுவேன்: இந்த வாரம் வினைச்சொல் என்றால் வினைச்சொல் மட்டும். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடும். திங்கட்கிழமைக்குள் திருத்தி எழுதிக் கொண்டுவந்தால் இழந்த மதிப்பெண்ணில் பாதி திரும்பக் கிடைக்கும். காப்பியடித்தால் கத்தமாட்டேன், வேறு கேள்வியைக் கொடுத்துத் தனியாக எழுத வைப்பேன். டவுன் பஸ் தாமதமானால் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்காரலாம், வாசலில் நிற்க வைப்பது கிடையாது. செல்போனுக்குப் பள்ளி விதியே போதும்.

எதிர்பார்ப்பு என்று கேட்டீர்கள். 9-ம் வகுப்புக்கு வரும்போது சரளமாகப் படிக்கிறவர்களும் இருப்பார்கள், சின்ன எழுத்து பி-யையும் டி-யையும் இன்னும் மாற்றி எழுதுகிறவர்களும் இருப்பார்கள். இருவருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் இரண்டாமவர் முதல் மாதமே கைவிட்டுவிடுவார். ஜூனில் ஒவ்வொருவரையும் தனியாக ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேட்டு என் நோட்டில் குறித்துக்கொள்வேன், அதை வகுப்பில் சொல்லமாட்டேன். 10-ம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளை பார்க்காத ஒரு பத்தியைப் படித்து விஷயம் என்னவென்று சொல்ல வேண்டும், தன் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும். இது எல்லோராலும் முடியும் என்று மனதார நம்புகிறேன்.

பெற்றோர் வந்தால், “கண்ணை மட்டும் உட்டுட்டுத் தோலை உரிச்சாலும் நாங்க ஏன்னு கேக்க மாட்டமுங்க டீச்சர்” என்பார்கள். பிள்ளை மேல் இருக்கும் கவலைதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடலாலோ மனதாலோ குழந்தையைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடிக்குப் பயந்து யாருக்கும் வாக்கியம் வராது. அதனால் அவர்களிடம் வேறொன்று கேட்கிறேன்: ராத்திரி கால் மணி நேரம் பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை.

விதிகளைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் வரும் நாளிலோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், எழுத்து தெரியாதவர்களும் வருவார்கள். தாளின் கீழே பிள்ளைகள் சேர்ப்பதற்கு ஒரு வரி காலியாக விடுவது என் வழக்கம். போன வருஷம் 9-ம் வகுப்பு கூடிப் பேசி, ‘டீச்சர் இங்கிலீஷில் சொன்னதை இன்னொரு தரம் மெதுவாகச் சொல்ல வேண்டும்’ என்று எழுதினார்கள். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.